பாலக்கோடு பக்கம் ஒரு கொல்லப்பட்டறை: உலை எப்படி, கரி எது?

மாரண்டஅள்ளி இளையவர்

அனைவருக்கும் வணக்கம். மாரண்டஅள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் தாத்தா நடத்திவந்த கொல்லப்பட்டறையை மீண்டும் திறப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நெடுங்காலம் மூடிக்கிடந்ததால் தரையில் இருந்த உலைக்குழி மண்மூடிப் போயிற்று. தோல் துருத்தி மக்கிவிட்டது. எஞ்சியிருப்பவை புளியங்கட்டையில் பதித்த பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்), இரண்டு சம்மட்டி, சில குறடுகள் ஆகியவை மட்டுமே. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து ஓசூரில் வேலை பார்த்தவன். இரும்பை அளக்கவும் அராவவும் எனக்குத் தெரியும். நெருப்பைக் கையாளும் முறையைத்தான் இனிமேல் கற்க வேண்டும்.

கொட்டகை 12 அடிக்கு 16 அடி இருக்கும். மேலே தகரம், மூன்று பக்கம் இடுப்பளவுச் சுவர், மேற்கில் பக்கத்து வீட்டின் முழுச் சுவர். ஒருமுனை மின்சாரம் உண்டு. கடப்பாரை முனை அடித்தல், தேய்ந்த மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் வாய் எடுத்தல் (வெட்டும் விளிம்பை அடித்துக் கூராக்குதல்), அரிவாள் காய்ச்சித் தோய்த்தல் (சூடாக நீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்குதல்) ஆகியவை முதலில் வரும் வேலைகளாக இருக்கும். பிறகு லாரி ஸ்பிரிங் பட்டையில் புது அரிவாளும் கொடுவாளும் அடிக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது.

எரிபொருளாகக் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து கொட்டாங்குச்சி வாங்கலாம். எங்கள் பட்டா நிலத்துப் புளிய மரங்களின் கழித்த கிளைகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து நிலக்கரி மூட்டையாக வரும் என்கிறார்கள். கட்டுவதற்குக் கருங்கல் துண்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உலையைத் தரையில் அமைப்பதா, நின்று வேலை செய்யும் உயரத்தில் அமைப்பதா, எந்தக் கரிக்கு எந்த அமைப்பு, காற்றுக்கு என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அடுத்த வாரமே மண் குழைக்கத் தொடங்கிவிடுவேன்.

பென்னாகரம் பட்டறை

தம்பி, மண் குழைப்பதற்கு முன்பு கரியை முடிவு செய்யுங்கள். நீங்கள் உலையை முதலில் கேட்டுக் கரியைப் பிறகு கேட்கிறீர்கள்; இந்த வரிசையைத் திருப்பிக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும். மரக்கரிக்குக் கட்டிய உலையில் நிலக்கரி சரியாக எரியாது. நிலக்கரிக்குக் கட்டிய உலையில் மரக்கரி அளவுக்கு மீறிச் செலவாகும்.

மரக்கரி எடை குறைந்தது, சீக்கிரம் எரிந்து தீர்வது. எனவே அதற்குக் குழி ஆழமாகவும் வாய் குறுகலாகவும் இருக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் நுழைய வேண்டும்; காற்று நுழையும் வாய்க்குக் கீழே சாம்பல் படிவதற்கு இரண்டு மூன்று அங்குலமாவது இடம் விட வேண்டும். காற்று வாய்க்கு மேலே நான்கு முதல் ஆறு அங்குலம் வரை கரி நிற்க, அதன்மேல் இரும்பை வைத்து, இரும்பின்மேல் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கரி மூட வேண்டும். இந்த ஆழம் இல்லாத உலையில் காற்று கரியைக் கடந்து நேராக இரும்பின்மேல் அடிப்பதால், இரும்பு பழுப்பதற்குள் செதில் செதிலாகத் தோல் உரிந்து, வாய் மெலிந்து போகும்.

நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று கொடுக்கும் வார்ப்பிரும்புச் சட்டியும், சாம்பல் கொட்ட அடியில் ஒரு திறப்பும் வேண்டும். அதன் குழி அகலமாக இருந்தாலும் கேடில்லை; ஓரத்தில் கிடக்கும் கரி வெந்து, புகை நீங்கிய கோக்காக மாறிய பிறகு அதை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே வேலை செய்வதுதான் அதன் முறை.

உங்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் வாய் எடுப்பதும் தோய்ப்பதும் என்பதால் மரக்கரியையே சொல்வேன். நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. அது இரும்பில் ஏறினால் பழுக்கக் காய்ந்த நிலையில் அடிக்கும்போதே விரிசல் விடும். கிட்டம் எனும் சாம்பல் கசடு கட்டியாக உருகி அடியில் ஒட்டிக் காற்றை அடைக்கும். நாளில் பலமுறை அதைக் கிளறி எடுக்க வேண்டிவரும். தடித்த கடப்பாரைகளை நாள் முழுதும் வரிசையாக அடிப்பவருக்கு நிலக்கரி பொருந்தும். கத்தி வாய்க்கு மரக்கரிதான் ஏற்றது.

காவேரிப்பட்டணம் தோப்பு

கொட்டாங்குச்சிக் கரியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் தென்னை மிகுதி. கொப்பரை உடைக்கும் களங்களில் கொட்டாங்குச்சி குவிந்து கிடக்கிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை, பிளக்க வேண்டியதில்லை, காயவைக்கவும் அதிக நாள் ஆகாது. அதன் கரி கெட்டியானது, சாம்பல் குறைவு, ஒரே கொள்ளளவு மரக்கரியைவிட அதிக நேரம் நின்று எரியும். தம்பியின் ஊருக்கு மூட்டைகளைக் கொண்டுவருவதும் கடினமன்று.

பென்னாகரம் பட்டறை

ஐயா சொல்வது உண்மைதான். ஆனால் கொட்டாங்குச்சிக் கரியை மட்டும் போட்டால் இரண்டு தொல்லைகள் உண்டு. பற்றுவதற்கு நேரம் எடுக்கும்; வளைந்த தகடுகளாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றின் வழியை அடைக்கும். உடைத்து, தூளைச் சலித்துவிட்டு, மரக்கரியோடு பாதிக்குப் பாதி கலந்து போடும்போது நெருப்பு நன்றாக நிற்கிறது. அடியில் மரக்கரி, மேலே கலவை என்பது என் வழக்கம்.

ஓசூர் உலைப் பொறியாளர்

நான் தொழிற்சாலைச் சூளைகளில் பணியாற்றுகிறேன்; கொல்லர் உலை என் தொழில் அன்று. எனினும் எரிதலின் கணக்கு எல்லா உலைக்கும் ஒன்றே என்பதால், இங்குப் பேசப்படுவதற்குச் சில எண்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு கிலோ இரும்பை அடிக்கும் பதமான 1,100 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 700 கிலோஜூல் வெப்பம் போதும். நல்ல மரக்கரி ஒரு கிலோவில் ஏறத்தாழ 29,000 கிலோஜூல் வெப்பம் இருக்கிறது. அதாவது, வெப்பம் முழுவதும் இரும்புக்குள் சென்றால், ஒரு கிலோ இரும்புக்கு 25 கிராம் கரியே போதுமானது. நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு செலவாவதற்குக் காரணம், திறந்த உலையில் பெரும்பங்கு வெப்பம் மேலே போகும் புகையோடும், சுற்றிலும் வீசும் ஒளியோடும், இரும்பு பட்டடைமேல் இருக்கும்போது வெறுமனே எரியும் நெருப்போடும் போய்விடுவதுதான். ஆகவே எந்தக் கரி சூடானது என்று விவாதிப்பதைவிட, எரியும் வெப்பத்தை எப்படிப் பிடித்துவைப்பது என்று யோசிப்பது பயன் தரும். மரக்கரி, கொட்டாங்குச்சிக் கரி, கோக் ஆகிய மூன்றும் எடைக்கு எடை பார்த்தால் வெப்பத்தில் பெரிய வேறுபாடு உடையவை அல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மட்டும் இந்த வேலைக்கு ஆகாது. தோண்டி எடுக்கும்போதே அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்.

காற்றுக்கு வருகிறேன். ஒரு கிலோ மரக்கரி முழுதாக எரிய ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்று வேண்டும். சிறு உலையில் மணிக்கு 3 கிலோ கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு அரைக் கன மீட்டர் காற்றுகூடத் தேவைப்படாது. கடையில் விற்கும் மிகச் சிறிய மின் பிளோயரே இதைவிட அதிகம் தரும். பலர் பெரிய பிளோயரை வாங்கி முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, கரி நிற்கவில்லை என்று கரியைக் குறை சொல்கிறார்கள். தேவைக்கு மிஞ்சிய காற்று கரியை வீணாக்குவதோடு, மிஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு இரும்பையும் எரிக்கிறது. மையவிலக்கு வகைப் பிளோயரை வாங்கி, குழாயின் நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு தகட்டுக் கதவு வையுங்கள். ஊதும் வாயைத் தகடு அடைக்கும்போது மோட்டாரின் சுமை குறையுமே தவிர அதிகரிக்காது.

மாரண்டஅள்ளி இளையவர்

மிக்க நன்றி. ஐயா சொன்ன ஆழக் கணக்கும், பொறியாளர் சொன்ன காற்றுக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்வது எனக்குப் புரிகிறது. அப்படியானால் மரக்கரியும் கொட்டாங்குச்சிக் கரியும் கலந்து எரிக்கும் பக்கவாட்டு உலை என்று எடுத்துக்கொள்கிறேன். குழியைச் சுற்றிக் கருங்கல் அடுக்கி, இடைவெளிகளைச் சிமெண்டால் பூசலாமா?

ஊத்தங்கரை ஆசிரியர்

கூடாது. நெருப்பு படும் இடத்தில் கருங்கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். நம் மாவட்டத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய உண்டு. அது 573 பாகையை எட்டும்போது தன் படிக அமைப்பு மாறித் திடீரென விரிகிறது. ஆறும்போது மீண்டும் சுருங்குகிறது. அதனால் கல் விரிசல் கண்டு, சில்லுகள் தெறிக்கும். நெருப்பின் அருகே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு இது பேராபத்து. சிமெண்டுக்குள் தங்கியிருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியின்றி மேற்பரப்பை வெடித்துப் பெயர்க்கும். ஆற்றில் எடுத்த கூழாங்கல்லுக்கும் இதே கதிதான். கருங்கல்லை வெளிச்சுவருக்கும் பட்டடையைச் சுற்றிய தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு படும் உட்புறத்துக்குப் புற்றுமண்ணே சிறந்தது. கறையான் அரைத்துக் கட்டிய மண் ஆதலால் அது நுண்மையாகவும் பசையாகவும் இருக்கிறது. அதில் ஆற்று மணலும் நெல் உமியும் கலந்து, மிதித்துக் குழைத்து, இரண்டு நாள் புளிக்கவிட்டுப் பூச வேண்டும். உமி எரிந்து போன இடங்களில் நுண்துளைகள் உண்டாகும். அவை வெப்பம் வெளியே கடத்தப்படுவதைக் குறைப்பதோடு விரிசலையும் தடுக்கும். பூச்சு நிழலில் மெதுவாகக் காய வேண்டும். முதல் சில நாட்களுக்குச் சுள்ளி நெருப்பு மட்டும் போட்டு ஈரத்தை முழுதாக ஓட்டிய பிறகே ஊதும் காற்றைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வமுள்ள மாணவர்கள் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு, பழங்காலத்துக் களிமண் ஊதுலையைப் போலக் கழுத்து உயர்ந்த உலையைக் கட்ட விரும்புகிறவர்கள் உண்டு. கனிமத்திலிருந்து இரும்பைப் பிரிக்கும் உலைக்கு, கரியும் கனிமமும் மாறிமாறி இறங்குவதற்கான உயரம் தேவை. கொல்லர் உலைக்கோ இரும்பை உள்ளே வைத்து எடுக்கத் திறந்த வாய் தேவை. இரண்டும் வேறு வேறு நோக்கம் கொண்டவை.

அரூர் கரிமூட்டம்

கரி சுடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எரிபொருள் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். மண்மூட்டத்தில், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் குவியலில், 100 கிலோ காய்ந்த விறகு போட்டால் 15 முதல் 20 கிலோ கரி கிடைக்கும். மூட்டத்தை மிக நன்றாகக் காத்தால் இன்னும் சிறிது கூடும். பச்சை விறகைப் போட்டால் அதன் ஈரத்தை ஓட்டுவதற்கே விறகில் ஒரு பங்கு எரிந்துவிடும் என்பதால் விளைச்சல் விழுந்துவிடும். எனவே, பிப்ரவரி மார்ச்சில் கழித்த புளியங்கிளைகளை வெயில் காலம் முழுதும் அடுக்கிக் காயவைத்து, ஆடி மாதக் காற்று ஓய்ந்த பிறகு மூட்டம் போடுவது நல்லது. ஆடிக்காற்றில் மூட்டத்தின் மண் பெயர்ந்து ஓட்டை விழுந்தால், விடிவதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும்.

தம்பிக்கு வேண்டிய அளவுக்கு மூட்டம்கூடத் தேவையில்லை. 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றே போதும். பீப்பாயில் பெயிண்ட் அல்லது இரசாயனம் இருந்திருக்கக் கூடாது. முதலில் வெறும் பீப்பாயை நன்றாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஒரே பருமனான துண்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். வெள்ளைப் புகை நீர் ஆவி. அது மஞ்சள் கலந்து காரமாக மாறும்போது மரம் கரியாகிக்கொண்டிருக்கிறது. புகை மெலிந்து நீல நிறமாகும்போது எல்லாத் திறப்புகளையும் மண்ணால் அடைத்துவிட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் கரி எரியத் தொடங்கும்.

மரங்களில் புளி, கருவேலம், வெள்வேலம், உசிலை ஆகியவை கெட்டியான கரி தரும். ஓசூர் பக்கம் தைல மரம் கிடைக்கும். பிரேசில் நாட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கே தைல மரக்கரியைத்தான் போடுகிறார்கள். சீமைக்கருவேலம் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கும் நன்மை, உலைக்கும் நன்மை. மாமரக் கரி இலேசானது, பற்றவைக்க மட்டும் உதவும். சாலையோரப் புளிய மரத்தையோ புறம்போக்கு மரத்தையோ தொட வேண்டாம். பட்டா நிலத்து மரமாக இருந்தாலும், கரியை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோவதற்கு முன்பு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கரி என்பது எளிதாகத் தீர்ந்துபோகும் பொருள் என்பதை இந்த மண் ஒருமுறை கண்டிருக்கிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. அந்தச் சேலம் மாவட்டத்து இரும்புக் கனிமத்தை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கனிமத்துக்குக் குறைவில்லை, ஆனால் அத்தனை உலைகளுக்கும் மரக்கரி கிடைக்காமல் போனது அந்த முயற்சி நலிந்ததற்கான காரணங்களுள் ஒன்று. சிறிய பட்டறைக்கும் இது பொருந்தும்: ஆண்டுக்கு எத்தனை மூட்டை கரி தேவை, அதைத் தரும் மரம் மறுபடி தழைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்டிய இடத்தில் மீண்டும் தழைக்கும் மரங்களில் கிளையை மட்டும் சுழற்சி முறையில் கழித்தால், சில மரங்களே ஒரு சிறு உலைக்குத் துணை நிற்கும்.

பாப்பிரெட்டிப்பட்டி உழவர்

நான் பட்டறைக்கு வேலை கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் களைக்கொத்தும் மண்வெட்டியும் ஒரே சமயத்தில்தான் தேவைப்படும். மழை விழுந்து கேழ்வரகும் கடலையும் முளைத்துவிட்டால், ஊரிலுள்ள அத்தனை பெண்களும் அதே வாரத்தில் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் கடப்பாரை வேலை குவியும். மற்ற மாதங்களில் பட்டறை அமைதியாக இருக்கும். ஆகவே தம்பி, கரியை மாதக் கணக்கில் சமமாகப் பங்கிட்டுத் திட்டமிடாதீர்கள். மழைக்கு முன்பே ஒரு பருவத்துக்கான கரி கொட்டகையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரி கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் ஈரமாக இருக்கும்.

மற்றொரு வேண்டுகோள். அண்மைக் காலத்தில் சில இடங்களில் அடித்துக் கொடுக்கும் களைக்கொத்து இரண்டு நாளில் வாய் மடங்கிவிடுகிறது, இல்லையென்றால் கல்லில் பட்டதும் சில்லாக உடைகிறது. விலையைக் குறைப்பதைவிட வாய் நிற்கும்படி அடித்துத் தருவதையே நாங்கள் எதிர்பார்க்கிறோம். நாள் முழுதும் குனிந்து கொத்துகிறவர்களின் தோளும் இடுப்பும் அந்த வாயை நம்பித்தான் இருக்கின்றன.

பென்னாகரம் பட்டறை

அம்மா சொன்னது மிகச் சரியானது. அந்த இரண்டு குறைகளும் உலையில்தான் பிறக்கின்றன. காற்றை முழுதாகத் திறந்துவிட்டு, பொறி பறக்கும் வெள்ளை நிறம் வரை காய்ச்சினால் இரும்பு எரிந்து மணல்போல் ஆகிவிடும். அதைப் பிறகு எத்தனை அடித்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது; அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். சாதா இரும்பை மஞ்சள் நிறத்தில் அடிக்கலாம். ஸ்பிரிங் பட்டையைச் செம்மஞ்சளுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கருஞ்சிவப்புக்குக் கீழே இறங்கிய பிறகு அடிக்கவும் வேண்டாம். ஆறிய பட்டையை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே விழுந்து, தோய்க்கும்போது வெளியே வரும்.

நிறத்தைக் கண்டறிய நிழல் வேண்டும். உங்கள் கொட்டகையில் கிழக்கு வெயில் நேராக உலைமேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் செம்மஞ்சளாக இருப்பது சிவப்பைப் போலத் தெரியும். அதை நம்பிக் காய்ச்சினால் வாய் எரிந்துவிடும். மேற்குச் சுவர் ஓரம் உலையை வைத்தால் நிழல் நன்றாக இருக்கும், ஆனால் அது அடுத்த வீட்டுச் சுவர் என்கிறீர்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.

தோய்க்கும் பதத்துக்குக் காந்தத்தைப் பயன்படுத்தலாம். பொறியாளர் இதன் காரணத்தைச் சொல்வார். காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்ததும் சிறிது நேரம் அதே சூட்டில் வைத்திருந்து, வாயை மட்டும் தோய்க்க வேண்டும். முதுகு முழுவதையும் முக்கக் கூடாது. பிறகு வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்த்தால், முதுகிலிருந்து சூடு இறங்கி வரும்போது வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என வரிசையாக ஓடும். அரிவாளுக்குப் பழுப்பிலும், கல்லில் படும் களைக்கொத்துக்கு ஊதாவிலும் நிறுத்துகிறேன்.

ஓசூர் உலைப் பொறியாளர்

இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத் தன்மையை இழக்கிறது. கடினமாக்குவதற்கு வேண்டிய சூடு அதற்குச் சற்று மேலே இருப்பதால், காந்தம் நல்ல வழிகாட்டி. லாரி ஸ்பிரிங் பட்டைகள் பெரும்பாலும் எண்ணெயில் தோய்ப்பதற்கான எஃகு. தண்ணீரில் தோய்த்தால் மெல்லிய வாய் வெடிக்கக்கூடும். ஒரு சட்டியில் எண்ணெய் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் இரும்பு மூடியையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் அடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

மாரண்டஅள்ளி இளையவர்

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகிறது; வேலையின் நடுவில் பிளோயர் நின்றால் என்ன செய்வது? அடுத்து, பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். புகை அவர்களைப் பாதிக்காமல் இருக்க என்ன ஏற்பாடு தேவை?

ஓசூர் உலைப் பொறியாளர்

முதல் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. காற்று நின்றதும் கரி பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அந்த வாயு பின்னோக்கிக் குழாய்க்குள் புகுந்து நிற்கும். மின்சாரம் வந்து பிளோயர் தானாகச் சுற்றும்போது அது காற்றோடு கலந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். எனவே மின்சாரம் போனவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயின் இணைப்பைக் கழற்றி விலக்கிவைக்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது முதலில் வெறும் காற்றை வெளியே ஊதிவிட்டுப் பிறகு இணைக்க வேண்டும். கையால் சுற்றும் பிளோயர் ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். மரக்கரிக்குக் கைப் பிளோயரே தாராளமாகப் போதும். மரக்கரியைத் தேர்வதன் நன்மைகளில் இதுவும் ஒன்று. கோக் போட்டிருந்தால் காற்று நின்ற சில நிமிடங்களில் நெருப்பே அணைந்துவிடும்.

மரக்கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு என்பதால் பலர் அதை ஆபத்தற்றது என்று எண்ணுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூன்று பக்கமும் திறந்த உங்கள் கொட்டகை இதற்கு ஏற்றதுதான். மழைச்சாரலுக்காகத் தார்ப்பாய் கட்டி மூடிக்கொண்டு மட்டும் வேலை செய்யாதீர்கள். உலைக்கு மேல் தகரக் கூம்பு வைத்து, 10 அங்குல விட்டமுள்ள குழாயைக் கூரைக்கு மேலே மூன்றடியாவது உயர்த்தி, பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிர்த் திசையில் கொண்டுபோங்கள். காற்றுக் குழாய்க்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை நெருப்பருகே பயன்படுத்தக் கூடாது. துத்தநாகம் ஆவியாகி மூச்சில் சென்றால் கடும் காய்ச்சல் வரும். கறுப்பு இரும்புக் குழாயே வேண்டும். அதன் நெருப்பு முனையை ஒரு அங்குலத் துளையுள்ள சுடுமண் மூக்கால் முடியுங்கள். சுடுமண் மூக்கு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பென்னாகரம் பட்டறை

இட அமைப்பைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. உட்கார்ந்து வேலை செய்வதா நின்று செய்வதா என்பதை உங்கள் பட்டடையே முடிவு செய்துவிட்டது. தாத்தா அதைத் தரையோடு புதைத்த புளியங்கட்டையில் பதித்திருக்கிறார் என்றால் அது உட்கார்ந்து அடிக்கும் உயரம். இளைய உடம்புக்கு நின்று வேலை செய்வது நல்லது என்பது என் கருத்து. முழங்கால் நோவு வராது, சம்மட்டி பிடிப்பவரும் வசதியாக நிற்கலாம். அதற்கு அதே கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம். புதிதாக ஒரு புளியங்கட்டையை இரண்டடி புதைத்து, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி படும் உயரத்தில் பட்டடையின் முகம் வரும்படி வையுங்கள். புளியங்கட்டையின் நார் பின்னிக்கிடப்பதால் அது பிளக்காது.

உலைவாயின் உயரம் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். உலைக்கும் பட்டடைக்கும் இடையே ஓர் எட்டு வைத்துத் திரும்பும் தூரம் போதும். அதற்கு மேல் தள்ளியிருந்தால் மெல்லிய அரிவாள் பட்டடைக்கு வருவதற்குள் கறுத்துவிடும். கடப்பாரை ஐந்தடி ஆறடி நீளம் இருக்கும் என்பதால் உலையின் இரு பக்கச் சுவரிலும் கையளவுப் பள்ளம் விட்டுக் கட்டுங்கள். அப்போதுதான் நடுவைக் காய்ச்ச வேண்டிய நீளக் கம்பியையும் குறுக்கே வைக்க முடியும். தண்ணீர்த் தொட்டி வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.

கரியை வேலைக்குத் தக்கபடி உடைத்துக்கொள்ள வேண்டும்: அரிவாளுக்கு நெல்லிக்காய் அளவு, கடப்பாரைக்கு எலுமிச்சை அளவு. ஈரத் துடைப்பத்தால் நெருப்பின் ஓரத்தில் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால், நடுவில் மட்டும் நெருப்பு நிற்கும், ஓரக் கரி வீணாகாது. ஒரு கருவி பட்டடைமேல் இருக்கும்போது அடுத்தது உலைக்குள் இருக்க வேண்டும். இரண்டும் வெளியே இருந்தால் காற்றை நிறுத்திவிடுங்கள். பொறியாளர் சொன்ன 25 கிராம் கணக்குக்கு அருகில் போகும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாரண்டஅள்ளி இளையவர்

ஐயா, நின்று வேலை செய்யும் பக்கவாட்டு உலையையே கட்டுகிறேன். உட்புறம் புற்றுமண், வெளிப்புறம் கருங்கல், கைப் பிளோயர் முதலில், மின் பிளோயர் பிறகு. காவேரிப்பட்டணத்து அண்ணனிடம் கொட்டாங்குச்சி பற்றித் தனியே கேட்டுக்கொள்கிறேன். புளியங்கிளைகளை இந்த வாரமே துண்டு போட்டு அடுக்கிவிடுவேன். கரி சுட்ட பிறகு அதைக் கொட்டகைக்குள்ளேயே சாக்கில் கட்டி வைக்கலாமா?

அரூர் கரிமூட்டம்

சுட்ட அன்றே கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது. புதுக் கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு தனக்குள்ளேயே சூடேறும். குவியலாக இருந்தால் தானாகவே தீப்பற்றிவிடும். பீப்பாயைத் திறந்த பிறகு வெறும் தரையில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, முழுதாக ஒரு பகலும் ஓர் இரவும் வெளியிலேயே விட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்துச் சூடில்லை என்று உறுதிசெய்த பிறகு சாக்கில் கட்டுங்கள். சாக்குகளைத் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல், உலையிலிருந்து விலகிய கிழக்குச் சுவர் ஓரமாக அடுக்குங்கள். சாரல் அடிக்கும் பக்கம் அதுவானால் தெற்குப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.